தார் நீங்கலாக

மரக்காணம்
9-11-2005

சிவஞானத்துக்கு,

தீபாவளிக்கு வந்த நீ, திரும்பும்போது என் பீரோவைத் திறந்து அப்பாவின் காருடைய ஆர்.சி. புத்தகத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாய். இது திருட்டு. கூடப் பிறந்தவன் செய்தாலும் திருட்டுதான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நேற்று முன்பகலில் புதுச்சேரிப் பக்கமிருந்து ஒருவர் கையில் டேப்போடு வந்தார். ஓட்டல் கட்டுகிறாராம். நேராக ஷெட்டுக்குள் போய் வண்டியின் நீள அகலத்தை அளந்தார். யார் நீங்கள் என்று கேட்டேன். “ரிசப்ஷன்ல கண்ணாடிக் கூண்டு போட்டு உள்ள நிறுத்தப் போறோம்மா. உங்க தம்பி ஓகே சொல்லிட்டாரு. புக்குகூட அவர்கிட்டதான் இருக்குது” என்றார். அதன் பிறகுதான் பீரோவைத் திறந்து பார்த்தேன். ஓடுகிற வண்டியைக் கூண்டில் அடைக்க அது என்ன கிளியா?

எனக்கு அறுபத்து நான்கு வயது. அரை மைல் நடந்தால் முழங்கால் வீங்கிவிடுகிறது. ஸ்கூட்டரில் காலூன்ற முடியாது. நம் உப்பளம் ரோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே இருக்கிறது. அதற்குப் போகும் பெரிய வரப்பின் அகலம் ஐந்தடி. அதில் ஜீப் போகாது, டிராக்டர் போகாது. இந்த ஆஸ்டின் மட்டும் போகும். நாற்பத்தைந்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. வண்டி போனால் நான் பாத்தியைப் பார்க்க முடியாது. பாத்தியைப் பார்க்காதவள் உப்பளக்காரி இல்லை. அப்புறம் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். உனக்கு வேண்டியதும் அதுதானோ என்னவோ.

வேலையாட்கள் முன்னால் என் வண்டியைத் “துருப்பிடிச்ச எருமை” என்று சொன்னதையும் நான் மறக்கவில்லை.

புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

அம்சவள்ளி


பெங்களூர்
18-11-2005

அக்காவுக்கு, சிவஞானம் எழுதுவது.

திருட்டு என்பது பெரிய வார்த்தை. அந்தப் புத்தகத்தில் இன்னும் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. சட்டப்படி உனக்கு எவ்வளவு பாத்தியதையோ எனக்கும் அவ்வளவு. கேட்டால் தர மாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அது மட்டும் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். போன டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது அந்த வண்டி முழங்கால் ஆழ உப்புத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க நின்றது. அடியில் தகரம் என்று ஏதாவது மிஞ்சியிருக்குமா? என்றைக்காவது வரப்பின் மேல் போகும்போது வண்டியின் அடித்தகடு பிய்ந்து நீ மண்ணில் உட்கார்ந்திருப்பாய், வண்டி மட்டும் முன்னால் போகும். சிரிக்காதே, எனக்கு நிஜமாகவே பயம். ஓட்டலில் நிறுத்தினால் துரு பிடிக்காது, அப்பா பெயரைப் பலகையில் எழுதி வைக்கிறேன் என்கிறார்கள்.

என் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரோடு ஒப்பிட்டுப் பார். உடம்பு பைபர், சட்டம் அலுமினியம். ஒவ்வொரு கிராமையும் யோசித்துக் கழித்திருக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்க மோட்டார் கிடையாது, பின் சீட் கிடையாது. மொத்த எடை எழுநூற்று எண்பது கிலோ. நூற்று இருபது குதிரை சக்தி. இதற்குப் பெயர்தான் பொறியியல். உன் வண்டி செய்த காலத்தில் எடையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கையில் கிடைத்த இரும்பையெல்லாம் வைத்து அடித்தார்கள். சுமாராக ஒரு டன் இருக்கும். அதனால்தான் எருமை என்றேன். திட்டுவதற்காகச் சொல்லவில்லை.

தம்பி
சிவஞானம்


மரக்காணம்
25-11-2005

சிவஞானம்,

ஒரு டன்னா? எந்தத் தராசில் பார்த்தாய்?

நீ கிண்டியில் நான்கு வருடம் படித்தாய். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. அதில் இந்த வண்டியின் எடை அவர்கள் கணக்கில் போட்டிருக்கிறது. நம் கணக்குக்கு மாற்றினால் அறுநூற்று நாற்பது கிலோவுக்குள் வரும். உன்னுடையதைவிட நூற்று நாற்பது குறைவு. வருடம் 1935.

ஒப்பிடு என்றாயே, ஒப்பிடுகிறேன். உன் வண்டியின் வேகத்தில் என் வண்டி பாதிகூடப் போகாது. பிரேக்கை மிதித்துவிட்டு நிற்கிறவரை குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். மழையில் கதவோரம் ஒழுகும். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் லேசு என்ற விஷயத்தை உன் காலத்து ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று பேசாதே. அவர்கள் ஒவ்வொன்றாகக் கழித்தார்கள் என்கிறாய். என் வண்டியைச் செய்தவன் கழிக்க வேண்டிய எதையும் முதலிலேயே வைக்கவில்லை. சின்ன இஞ்சின், மெல்லிய சக்கரம், நாலு பேர் இடித்துக்கொண்டு உட்கார இடம். உன்னுடையதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஆளுக்கு எத்தனை கிலோ வண்டி வருகிறது என்று வகுத்துப் பார்.

வாய்ப்பேச்சு வேண்டாம். உப்பு லாரி எடை போடும் மேடை நம் ஊரில் இருக்கிறது. பொங்கலுக்கு உன் மஞ்சள் வண்டியைக் கொண்டு வா. ஊர் பார்க்க இரண்டையும் ஏற்றுவோம். என்னுடையது லேசாக இருந்தால் நீ வாரிசுச் சம்மதத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். கனமாக இருந்தால் கூண்டுக்காரனை வரச் சொல்.

அம்சவள்ளி


பெங்களூர்
3-12-2005

அக்காவுக்கு,

சம்மதம். வார்த்தை மாறக் கூடாது. இரண்டு வண்டியிலும் ஆள் இறங்கிவிட வேண்டும், பெட்ரோல் அரை டாங்க் இருக்க வேண்டும், ஸ்டெப்னியும் ஜாக்கியும் உள்ளேயே இருக்க வேண்டும்.

எழுபது வருடத்துக்கு முன்னால் விற்கிறவன் எழுதிய எடையை நம்பி இறங்குகிறாய். விற்கிறவன் எப்போதும் குறைத்துத்தான் எழுதுவான். பொங்கலன்று சந்திப்போம்.

சிவஞானம்


பெங்களூர்
17-1-2006

அக்காவுக்கு,

எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எடை போட்டு முடிந்ததும் நீ நேராக வீட்டுக்குப் போய்விட்டாய். மாட்டுப் பொங்கலன்று பரிமாறும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

எடை மேடை செல்லப்பன் உன் ஆள். அவரே சொன்னார். என் வண்டி எழுநூற்று எண்பது. உன் வண்டி எண்ணூற்றுப் பத்து. நீ நம்பாமல் இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னாய். “இன்னொரு வாட்டி ஏத்தினாலும் அதேதான் காட்டும்க்கா. மிஷினுக்கு உங்க தம்பின்னும் தெரியாது, நீங்கன்னும் தெரியாது” என்றார். லாரிக்காரர்கள் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

முப்பது கிலோ வித்தியாசம் பெரிதில்லை. எழுபது வயது வண்டிக்கு அது கௌரவமான தோல்வி. இத்துடன் ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை டைப் செய்து அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் குறித்த இடத்தில் கையெழுத்துப் போடு. பிப்ரவரி இருபதாம் தேதி ஓட்டல்காரர் லாரி அனுப்புகிறார். உப்பளத்துக்குப் போய்வர ஒரு ஆளையும் பைக்கையும் நான் ஏற்பாடு செய்து தருகிறேன், பின்னால் உட்கார்ந்து போகலாம்.

சிவஞானம்


மரக்காணம்
24-1-2006

சிவஞானம்,

உன் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சில் குறியையும் அழித்துவிட்டேன்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றதற்காக இல்லை. கையேடு பொய் சொல்லாது, செல்லப்பனின் மிஷினும் பொய் சொல்லாது. அப்படியானால் நடுவில் நூற்று எழுபது கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு குவிண்டாலுக்கு மேல் கனமுள்ள ஏதோ ஒன்று வண்டியில் உட்கார்ந்திருக்கிறது, நான் அதைத் தினமும் சுமந்துகொண்டு போகிறேன். ஐந்தாம் நாள் காலையில் ஷெட்டில் பாய் விரித்து அடியில் படுத்தேன். நீளமான ஸ்குரூடிரைவரை எடுத்து வண்டியின் அடித்தகட்டில் குத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போயிற்று.

தகரம் இல்லை என்று துள்ளிக் குதிக்காதே. போனது தாருக்குள்.

உனக்கு ஞாபகம் இருக்காது, நீ ஹாஸ்டலில் இருந்தாய். 1961-இல் அப்பா ஆரம்பித்தார். உப்புக் காற்றுக்குப் படகும் ஒன்றுதான் காரும் ஒன்றுதான் என்று சொல்லி, புரட்டாசியில் படகுகளுக்குத் தார் பூசும்போது ஒரு டின் மிச்சம் வாங்கி வந்து வண்டியின் அடியிலும் பூசிவிடுவார். அவருக்குப் பிறகு நான் பூசினேன். வருடம் தவறியதில்லை. நாற்பத்தைந்து பூச்சு. ஆனால் ஒரு தடவைகூடப் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பூச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துச் சுரண்டுவார்கள். காரைக் கவிழ்க்க முடியாதே, அதனால் மேலேயே பூசிக்கொண்டே போனோம். வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் மணல், வைக்கோல், ஒரு இடத்தில் பல்லி எலும்பு.

இந்தத் தப்பு என்னுடையது, யார் தலையிலும் போடவில்லை. ஆனால் தார் கார் ஆகாது. நீ ஏற்றி நிறுத்திப் பார்த்தது ஒரு காரையும் ஒரு தார் டிரம்மையும். நாளை முதல் சுரண்டப் போகிறேன். முடிந்ததும் மறுபடி எடை போட வேண்டும். அதுவரை லாரி வந்தால் ஷெட் வாசலில் படுத்துக்கொள்வேன், மேலே ஏற்றிக்கொண்டு போகச் சொல்.

அம்சவள்ளி


பெங்களூர்
31-1-2006

அக்காவுக்கு,

ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றுகிறாய். நான் தோற்றிருந்தால், பெயிண்டைச் சுரண்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல விட்டிருப்பாயா?

ஆனாலும் சம்மதிக்கிறேன். ஏனென்றால் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. கடல் தண்ணீருக்குப் பிறகும் அந்த அடித்தகடு ஏன் விழவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தார்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் உனக்குச் சல்லடைதான் மிஞ்சும். சொல்வதைச் சொல்லிவிட்டேன். சுரண்டினால் ஓட்டல்காரர்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். இப்போது நிறுத்திக்கொண்டால் முழு வண்டியாகவாவது இருக்கும்.

பிடிவாதம்தான் என்றால் என் நிபந்தனை இது. சுரண்டிய தாரில் ஒரு துண்டுகூட வெளியே போடக் கூடாது. எல்லாவற்றையும் டிரம்மில் சேர்த்து வை. வண்டியையும் டிரம்மையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். இரண்டையும் கூட்டினால் எண்ணூற்றுப் பத்து வர வேண்டும். பத்து கிலோ குறைந்தாலும் நீ வேறு எதையோ கழற்றியிருக்கிறாய் என்று அர்த்தம்.

பிப்ரவரி 19 ஞாயிறு. வருகிறேன்.

சிவஞானம்


மரக்காணம்
6-2-2006

சிவஞானம்,

சம்மதம். துண்டு என்ன, தூள்கூட டிரம்மில்தான் இருக்கும். நான் உப்பு விற்கிறவள், சிந்தாமல் அள்ளத் தெரியும்.

நீ சொன்ன சல்லடை பயம் எனக்கும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். உளியும் மண்ணெண்ணெயும் வைத்து நானும் நம் உப்பளத்து ஆள் குப்புசாமியும் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை நான்கு விரல் கனம் எடுத்தாயிற்று, இன்னும் தகரம் வரவில்லை. குப்புசாமி, “எம்மா, இன்னும் கொஞ்சம் நோண்டுனா மேல் கூரையே வந்துடும் போல இருக்குது” என்கிறான். அடி விழாத குறை.

வராமல் இருந்துவிடாதே.

அம்சவள்ளி


பெங்களூர்
22-2-2006

அக்காவுக்கு,

தோற்றவன் எழுதுகிறேன்.

நான் காலை எட்டரைக்கு எடை மேடைக்கு வந்தேன். என் மஞ்சள் வண்டியைச் சுற்றி இந்தத் தடவை ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரும் வரப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ உப்பளத்துக்குள்ளிருந்து வந்தாய். தூரத்தில் பார்க்கும்போதே வண்டி முன்னைவிட உயரமாகத் தெரிந்தது. ஸ்பிரிங் நிமிர்ந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது, நான் பொறியியல் படித்தவன் இல்லையா.

செல்லப்பன் காலி டிரம்மை முதலில் எடை போட்டுச் சுண்ணாம்பால் எழுதினார். அப்புறம் தாரோடு. கழித்தால் நூற்று அறுபது. அப்புறம் நீ வண்டியை ஏற்றி இறங்கினாய். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். “தம்பி, கண்ணாடியை அப்புறம் தொடைக்கலாம், இங்க வந்து நீங்களே படிங்க” என்று கூப்பிட்டார். படித்தேன். அறுநூற்று ஐம்பது. கூட்டிப் பார்த்தேன். எண்ணூற்றுப் பத்து, சுத்தமாக.

பாத்தியில் வேலை செய்யும் அந்த அருக்காணி என்ன சொன்னாள் தெரியுமா? நீ கேட்டிருக்க மாட்டாய், கூட்டத்தில் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். “எருமை இளைச்சிடுச்சுங்க. இனிமே உங்க குதிரைக்குத் தீனியைக் கொறைங்க” என்றாள்.

ஆனால் நான் தோற்றது எண்ணைப் பார்த்தபோது இல்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் படுத்தேனே, அப்போதுதான். சல்லடை இருக்கும் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு ஓட்டையாவது இருக்கும், அதைக் காட்டி ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் பார்த்தது ஆழக் கடல் மாதிரி ஒரு நீலம். கம்பெனியில் அடித்த முதல் பெயிண்ட், எழுபது வருடமாக வெயில் படாதது. விரலால் தட்டினேன், பித்தளைக் குடத்தில் தட்டிய மாதிரி கேட்டது. உப்புக்கு நடுவிலேயே நின்று, கடலில் ஒரு நாள் முழுகி, ஒரு பொட்டுத் துரு இல்லை. அப்பாவின் வைத்தியம் பலித்திருக்கிறது. நீ அதை ஒரு வருடமும் விடவில்லை. இதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீ தெரிந்துகொள்வாய். பொங்கலுக்கு மூன்று நாள் உன் வாசலில் என் வண்டி நின்றது அல்லவா. நேற்று இங்கே சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே நான்கு போல்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். எல்லாம் சிவப்பு. பைபருக்குத் துரு பிடிக்காது, அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுக்குப் பிடிக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈ.சி.ஆர். ரோட்டில் உன் வண்டி பாதி வழியில் இருக்கும் கீழ்புத்துப்பட்டைத் தொடுவதற்குள் நான் புதுச்சேரியில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து உனக்கு டாட்டா காட்டுவேன்.

ஜெயிப்பேன் என்ற நினைப்பில் ஆர்.சி. புத்தகத்தைக் கையோடு கொண்டுவரவில்லை. இங்கே மேஜையில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுது. செய்கிறேன்.

தம்பி
சிவஞானம்


மரக்காணம்
1-3-2006

சிவஞானத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை செல்லப்பனுக்கும் அருக்காணிக்கும் வாசித்துக் காட்டினேன். தோற்றவன் என்று நீயே எழுதியிருப்பதால் அதில் தப்பில்லை.

புதுச்சேரிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வா. நான் எப்போது மறுத்தேன்? உன் வண்டி ரோட்டுக்குச் செய்தது, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. என் வண்டிக்கு ரோடே தேவையில்லை. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டை, தார் போன பிறகு நாலாம் கியரில் ஏறுகிறது. வரப்பில் சக்கரத் தடம் முன்னைப்போல் ஆழமாகப் பதிவதில்லை. குப்புசாமி அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இனி ஆக வேண்டியவை.

ஆர்.சி. புத்தகத்தை நீ தபாலில் அனுப்ப வேண்டாம், நான் தபாலை நம்பவில்லை. நேரில் கொண்டு வர வேண்டும். எடுத்த இடத்தில், என் பீரோவில், உன் கையாலேயே வைக்க வேண்டும்.

பங்குனி முதல் வாரத்தில் திண்டிவனம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீயும் நானும் போக வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் நான் எடுத்து வைத்துவிட்டேன். நீ போட வேண்டியது இரண்டு கையெழுத்து. போகும்போது ஆஸ்டினில்தான் போகிறோம், இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வேண்டுமாம். நீ பக்கத்தில் உட்கார வேண்டும், நான் பிரேக் பிடிக்கும்போது கத்தக் கூடாது.

ஓட்டல்காரருக்கு நீதான் வாக்குக் கொடுத்தாய், நீதான் எழுத வேண்டும். கூண்டைக் கட்டி முடித்திருந்தால் உள்ளே கிளி வளர்க்கச் சொல்.

எருமை என்று வேலையாட்கள் முன்னால் சொன்னாய். அதைத் திரும்ப வாங்குவதும் அவர்கள் முன்னால்தான். கடிதத்தில் எழுதியது எனக்குப் போதும், அவர்களுக்குப் போதாது. அருக்காணி நாள் குறித்துவிட்டாள்.

செல்லப்பன் இரண்டு எடைச் சீட்டுக்கும் சீல் வைத்துத் தர வேண்டும், தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தார் டிரம்மைப் படகுக்காரர்கள் கேட்கிறார்கள். உருக்கிப் பூசிக்கொள்ளட்டும். வருகிற புரட்டாசியில் குப்புசாமி பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் புதியதைப் பூச வேண்டும், அதுவும் ஒரே ஒரு கை. அவன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

உன் மஞ்சள் வண்டியின் போல்ட்டுகளுக்கு என்ன செய்வது என்று கேட்காமலே இருந்துவிட்டாய். வரும்போது அதில் வா. ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்து, நான் அடியில் படுத்துப் பார்க்கிறேன். மெலிசாக ஒரு பூச்சு போதும், இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாது. அப்போதும் நீதான் கனம்.

நான் செய்ய வேண்டியது, நாளை காலை ஆறு மணிக்கு வண்டியை எடுப்பது. கிழக்குப் பாத்திகளில் இந்தப் பருவத்தின் முதல் உப்பு வாரத் தொடங்குகிறார்கள். நான் போய் நிற்க வேண்டும்.

அம்சவள்ளி